பத்தொன்பதாம் பொட்டலம்

கிள்ளான்
4-3-1979

அன்புள்ள அண்ணனுக்கு நல்லம்மாள் எழுதுவது.

நான் நலம் என்று எழுதினால் பொய். நீங்கள் நலமா என்று கேட்க மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. அடக்கத்துக்கு வந்தீர்கள், வாசலோடு நின்றீர்கள், ஒரு வாய்த் தண்ணீர்கூட குடிக்காமல் போய்விட்டீர்கள். கருமாதிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறினால் ஒரு மணி நேரம். முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்த மனுஷனுக்கு அந்த வழி மறந்துவிட்டது போலிருக்கிறது. போன் பண்ணிப் பார்த்தேன். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

தினமும் மாலை நாலு மணிக்கு அவருடைய பிரம்பு நாற்காலி கிரீச்சென்கிறது. நீங்கள் கொடுத்த மருந்தை அவர் சாப்பிடும் நேரம் அது. பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு, காகிதத்தை மேசை மேலிருக்கும் கம்பியில் குத்தி வைப்பார். துறைமுகத்தில் இருபது வருஷம் ரசீது குத்திய கை. இப்போதும் நாற்காலி கிரீச்சென்கிறது, காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்கிறது, பிறகு ஒரே ஒரு சொல். "ஆச்சா?" அவ்வளவுதான். குரல் சரியாகப் பிடிபடவில்லை, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒடுங்கிக் கேட்கிறது. மூச்சு இழுத்து இழுத்தே செத்த மனுஷனின் குரல் வேறு எப்படி இருக்கும்.

என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் நம்பர் போட்டு முப்பது பொட்டலம் கொடுத்தீர்கள். அதில் பத்தொன்பதாம் நம்பரை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. மறுநாள்தான் இழுப்பு கூடியது. கடையிலிருந்து உங்களுக்குப் போன் பண்ணினேன், "பொறு" என்றீர்கள். பொறுத்தேன். அதற்கு மறுநாள் காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்சியிலேயே போய்விட்டார்.

சீதாலெட்சுமி என்னைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு அவள் வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறாள். நாற்காலியைத் தூக்கி எறியச் சொல்கிறாள். மகள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த வீட்டை விட்டு என்னால் போக முடியாது. அந்த ஒரு பொட்டலத்தால்தான் அவர் செத்தாரா? நேராகச் சொல்லுங்கள்.

நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
12-3-1979

அன்புத் தங்கை நல்லம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். கருமாதிக்கு வராததற்கு முட்டிவலி என்று எழுதியிருந்தேன், அதை அழித்துவிட்டேன். நீ நம்பமாட்டாய்.

பத்தொன்பதாம் நம்பரைக் கொடுக்கவில்லை என்கிறாய். நிச்சயமாகவா? பதினாறாகவோ பதினேழாகவோ இருக்கலாம் அல்லவா? மூன்று மாதத்துக்கு முந்திய விஷயம். உன் மனநிலையில் எண் குழம்பியிருக்கலாம். நன்றாக யோசித்துப் பார்.

எதுவாக இருந்தாலும் ஒரு பொட்டலம் விட்டுப் போவதால் உயிர் போகாது. எங்கள் ஹோமியோபதி வைத்தியம் ஆஸ்பத்திரி மாத்திரை போன்றதல்ல. எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் உடம்பு அசையுமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். ஒரு தடவை தொட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே மேலே கொடுப்பவன் வைத்தியன் அல்ல. மாப்பிள்ளைக்கு நெஞ்சு ஏற்கெனவே பழுதாகியிருந்தது. காலம் வந்தது, போனார். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

உனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, காதில் கேட்பதெல்லாம் அதனால்தான். இதனுடன் பத்துப் பொட்டலம் வைத்திருக்கிறேன். தினம் ஒன்று, படுக்கப் போகும் முன். வரிசை மாறக் கூடாது. சூடம், காப்பி, பெப்பர்மிண்ட் மூன்றும் ஆகாது.

போன் பண்ணாதே. எழுது.

உன் அண்ணன்
அங்கமுத்து


கிள்ளான்
19-3-1979

அண்ணனுக்கு,

உங்கள் தூக்க மருந்து நன்றாக வேலை செய்தது. எனக்கல்ல, அடுத்த வீட்டு வீரம்மாளுக்கு.

மேசைமேல் வைத்திருந்தேன். அவள் தூக்கமில்லாமல் புலம்பிக்கொண்டு வந்தாள். "இதான் தூங்குற மருந்தாக்கா?" என்று கேட்டவள், நான் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்தையும் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒன்னுக்கு மேல ஆகாதுடி, பாவி!" என்று கத்துகிறேன், அவள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "நல்லா இனிப்பாதான் இருக்கு லா, இன்னும் இருக்கா?" என்கிறாள்.

அவள் செத்துவிடுவாள் என்று பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தூங்கக்கூட இல்லை. மறுநாள் பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு தடவைக்கு ஒன்று, வரிசை மாறக் கூடாது, நேரம் தவறக் கூடாது என்று உயிரை வாங்குவீர்களே. பத்தை ஒன்றாகத் தின்றவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையே. அது என்ன மருந்து?

நீங்கள் மாப்பிள்ளைக்குக் கொடுத்தது என்ன?

எண் எனக்குக் குழம்பவில்லை. பத்தொன்பதுதான். நேற்றும் நாலு மணிக்குக் கேட்டார்.

நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
25-3-1979

நல்லம்மா,

இதை எந்த வைத்தியனும் நோயாளி வீட்டாரிடம் சொல்லமாட்டான். நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

முப்பது பொட்டலத்தில் ஒன்றில்தான் மருந்து இருந்தது. மீதி இருபத்தொன்பதும் வெறும் பால் சர்க்கரை. உனக்கு அனுப்பிய பத்திலும் அப்படித்தான், ஒன்றில் மட்டும்.

ஏமாற்று என்று நினைக்காதே. இந்த முறையே அதுதான். ஒரு சொட்டு மருந்தை நூறு சொட்டில் கலந்து குலுக்கி, அதில் ஒரு சொட்டை மறுபடியும் நூறில் கலந்து, இப்படியே போய்க் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த மிச்சம் உடம்பைத் தொடும் என்பது என் நம்பிக்கை. இருபது வருஷம் அந்த நம்பிக்கையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வேளை. பிறகு அது வேலை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் "ஒரு வேளைதான், போய் ஒரு மாதம் கழித்து வா" என்றால் யார் கேட்பார்கள்? பயந்துபோய் நாலு டாக்டரிடம் ஓடுவார்கள். அதனால் தினம் ஒன்று என்று சர்க்கரைப் பொட்டலம் கொடுப்பது வழக்கம். மனுஷனுக்குப் பொறுக்கத் தெரியாது, அதற்காகத்தான் அந்த இருபத்தொன்பதும்.

மாப்பிள்ளைக்கு மருந்து இருந்தது முதல் பொட்டலத்தில். அதை உன் கையாலேயே கொடுத்துவிட்டாய். பத்தொன்பது வெறும் சர்க்கரை. அதைக் கொடுத்தாலும் ஒன்றுதான், கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இதற்குமேல் அதைப்பற்றி யோசிக்காதே. மகள் வீட்டுக்குப் போ. தூங்கு.

அங்கமுத்து


கிள்ளான்
3-4-1979

அண்ணே,

கடிதத்தைப் படித்ததும் உங்களைத் துடைப்பத்தால் அடிக்க வேண்டும் போலிருந்தது. நாலு மணி ஆனால் போதும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கோயிலில் திருநீறு வாங்குவதுபோலக் கையை நீட்டுவார். சீனிக்கு! மூச்சுக்கு ஏங்குகிற மனுஷன் வெறும் சீனியை அத்தனை மரியாதையாக வாங்கித் தின்றிருக்கிறார்.

பிறகு அழுதேன். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சிரித்தேன். வீரம்மாள் என்ன என்ன என்று ஓடி வந்தாள். சீனியடி, வெறும் சீனியாம் என்றேன். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அன்றைக்கு நாற்காலி பேசவில்லை. மறுநாளும் இல்லை. ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். சீதாலெட்சுமிக்குப் போன் பண்ணி, வருகிறேன், லோரி ஏற்பாடு பண்ணு என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

சாமான் கட்டும்போதுதான் அவருடைய கம்பி கையில் வந்தது.

உங்களிடம் ஒன்றைப் பாதிதான் சொல்லியிருந்தேன். பத்தொன்பதை நான் மறந்துபோய் விடவில்லை. வேண்டுமென்றுதான் எடுத்து வைத்தேன். அந்தப் பொட்டலத்தில் நம்பருக்கு மேலே நீலப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்திருந்தீர்கள். தோட்டத்துப் பள்ளியில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்'. வாத்தியார் பிரம்பால் பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே, "புள்ளி விழுந்தா உயிர் போச்சு! உயிர் போச்சு!" என்று. ஐம்பது பிள்ளைகளும் கத்துவோமே. எனக்கு அந்த நாலு வருஷப் படிப்புதான் படிப்பு. பொட்டலத்தில் புள்ளியைப் பார்த்ததும், இது உயிரில்லாதது, கெட்டுப்போனது, அண்ணன் அடையாளம் வைத்துவிட்டு எடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அதைப் பவுடர் டின்னில் போட்டுவிட்டு அன்றைக்கு இருபதாம் நம்பரைக் கொடுத்தேன்.

இப்போது எல்லாக் காகிதத்தையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். எனக்கு அனுப்பிய பத்தில் ஒன்றாம் நம்பர் காகிதத்தில் நீலப் புள்ளி இருக்கிறது, மற்ற ஒன்பதில் இல்லை. நீங்கள் சொன்னது சரி, அதில்தான் மருந்து. அவருடைய கம்பியில் குத்தியிருக்கும் ஒன்றாம் நம்பரைப் பார்த்தேன். புள்ளி இல்லை. ஒன்றிலிருந்து பதினெட்டுவரை எதிலும் இல்லை. பவுடர் டின்னைத் திறந்தேன். பத்தொன்பது பிரிக்காமல் இருக்கிறது, தலையில் புள்ளியோடு.

அண்ணே, அந்தப் புள்ளி எதற்கு?

லோரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று நாலு மணிக்கு நாற்காலி கிரீச்சென்றது.

நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
10-4-1979

நல்லம்மா,

புள்ளி மருந்துக்கு. மருந்து இருந்தது பத்தொன்பதில். முதல் பொட்டலத்தில் என்று நான் எழுதியது பொய். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். உனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் உண்மையைக் கொடுத்தால் நீ தூங்குவாய் என்று கணக்குப் போட்டேன். என் வைத்தியப் புத்தி.

ஏன் பத்தொன்பது என்று கேட்பாய். மாப்பிள்ளைக்காக நீ பதினெட்டு நாள் வீட்டில் சூடம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாய். சூட வாசனை பட்டால் எங்கள் மருந்து முறிந்துவிடும். அதைச் சொன்னதற்கு, "சாமியையா நிறுத்தச் சொல்றீங்க?" என்று சண்டைக்கு வந்தாய். உன்னோடு யார் மல்லுக்கட்டுவது என்று, வேண்டுதல் முடியும்வரை சர்க்கரையைக் கொடுத்துவிட்டு, மறுநாளுக்கு மருந்தை வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ரயில்வேயில் ஒரு வண்டி பத்திரமாகக் கடந்து போனால் ரிஜிஸ்டரில் நீலப் புள்ளி வைப்போம். கைப்பழக்கம். நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் கத்தியவர்கள்தான். உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கு அது நினைவில்லை.

ஆனால் நல்லம்மா, அந்த மருந்து கிடைக்காததால் அவர் சாகவில்லை. நான் சொல்ல வேண்டியது அதைவிட மோசம்.

எங்கள் மருந்து சரியாகப் பிடித்தால் முதல் ஓரிரு நாள் நோய் கூடும். கூடித்தான் குறையும். அந்த நேரத்தில் குறுக்கே எதையும் கொடுக்கக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நீ கடையிலிருந்து போன் பண்ணினாய். "அண்ணே, இழுப்பு ரொம்பக் கூடிருச்சு, உதடெல்லாம் நீலமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரவா?" என்றாய். நான் என்ன கேட்டேன்? நினைவிருக்கிறதா? "பத்தொன்பது ஆச்சா?" என்று கேட்டேன். நீ "ஆச்சு" என்றாய்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. மருந்து பிடித்துவிட்டது, கிளறுகிறது என்று நினைத்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கெடுத்துடாதே. பொறு" என்றேன். அவருக்குள் மருந்தே போகவில்லை. கிளறியது மருந்தல்ல, நோய். நான் கண்ணால் வந்து பார்க்காமல், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, இல்லாத மருந்து வேலை செய்வதாகச் சொன்னேன். அன்று மாலையே தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஆக்ஸிஜன் வைத்திருப்பார்கள். ஒரு ராத்திரி முழுக்கக் கிடைத்திருக்கும்.

அடக்கத்தன்று, சில உடம்பு மருந்தைத் தாங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாசலில் நின்றேன். உன் கடிதம் வந்தபோது அதுவும் போய்விட்டது.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நான் நம்பரைக் கேட்டேன், நீ பத்தொன்பதாம் நாள் முடிந்ததா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டிருப்பாய். நாள் ஆகியிருந்தது, அன்றைக்கு ஒரு பொட்டலமும் கொடுத்திருந்தாய். கேட்டவன்தான் சரியாகக் கேட்கவில்லை.

மருந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன். வருகிறவர்களை வேறு வைத்தியரிடம் அனுப்புகிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தால் யார் பேசினாலும் முதலில் உன் "ஆச்சு" கேட்கிறது.

அந்தப் பொட்டலத்தை எரித்துவிடு. என்னையும் விட்டுவிடு.

அங்கமுத்து


கிள்ளான்
16-4-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை வருஷப் பிறப்பு. நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. வீரம்மாள் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. அவருடைய உதடு நீலமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகும் பொறு என்று ஒருவர் எப்படிச் சொல்லலாம்? சாகும்வரை அதை உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

ஆனால் எனக்காக நீங்கள் வெட்டி வைத்திருக்கும் குறுக்கு வழியில் நான் போகப் போவதில்லை. நாளைக் கேட்டதாக நினைத்தாய் என்கிறீர்கள். இல்லை அண்ணே. நீங்கள் பொட்டலத்தைத்தான் கேட்டீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கவில்லை என்றால் போனிலேயே கத்துவீர்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வீட்டில் அவர் மூச்சுக்குத் தவிக்கிறார். சீக்கிரம் பேசி முடித்தால் போதும் என்று "ஆச்சு" என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடு என்றிருப்பீர்கள் அல்லவா? ஒரே ஒரு சொல். உங்கள் மருந்தைவிடச் சின்னது.

பொட்டலத்தை எரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தேன். சீனிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பொடியை வாசலில் தட்டிவிட்டேன், எறும்பு தூக்கிக்கொண்டு போயிற்று. காகிதத்தை நீவி, கம்பியில் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் குத்தி வைத்தேன். அவர் வரிசை தப்பினால் பொறுக்கமாட்டார்.

பிறகு நாலு மணிக்கு நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் எழுந்து அடுப்படிக்கு ஓடிவிடுவேன். நேற்று ஓடவில்லை. கிரீச்சென்றது, காகிதச் சத்தம் வந்தது, "ஆச்சா?" என்றது. முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். அவருக்குக் கடைசி ஒரு மாதம் ஒரு சொல்லைக்கூட மூச்சுவாங்காமல் பேச முடியாது. இந்தக் குரலில் மூச்சுவாங்கல் இல்லை. போனில் வருகிற குரல். அது உங்கள் மாப்பிள்ளை இல்லை அண்ணே. நீங்கள்.

அவர் என்றைக்கோ போய்விட்டார். நாலு மாதமாக இந்த வீட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

அதனால் வாங்க. முட்டிவலி என்று எழுதாதீர்கள். ரயிலேறி, நாலு மணிக்குள் வந்து சேருங்கள். அவர் நாற்காலியில் உட்காருங்கள், நான் எதிரில் நிற்கிறேன். என் முகத்தைப் பார்த்து அதே கேள்வியை ஒரு தடவை கேளுங்கள்.

இந்தத் தடவை "இல்லை" என்று சொல்கிறேன்.

உங்கள் தங்கை
நல்லம்மாள்